ரோந்தாவின் ஓட்டு எவருக்கும் பட்டா நிலமல்ல!

வேல்ஸ் நாட்டின் தெற்கே ரோந்தா என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பெரிய ரோந்தா, சின்ன ரோந்தா என்று இரண்டு ஆறுகள். ஆற்றங்கரையை ஒட்டி, மலைச்சரிவிலே வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். மலைக்கு அடியிலே நிலக்கரி. ஒரு காலத்தில் இந்தச் சின்னஞ்சிறு பள்ளத்தாக்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட சுரங்கங்கள் ஓடின. 1921-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி 1,60,000-க்கு மேற்பட்ட மக்கள் இங்கே வாழ்ந்தார்கள். உலகத்துக் கப்பல்களெல்லாம் நீராவியில் ஓடிய நாளிலே, அந்த நீராவிக்கு வேண்டிய உயர்ந்த ரகக் கரி இங்கேதான் வெட்டி எடுக்கப்பட்டது.

இந்த ரோந்தாவின் தேர்தல் சரித்திரத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறோம். 1999 முதல் வேல்ஸ் சட்டசபையில் ரோந்தாவுக்கென்று தனியாக ஒரு ஸ்தானம் இருந்தது. 2024-ல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 தேர்தலுக்கு அந்தத் தனித் தொகுதி கிடையாது. அக்கம்பக்கத்துப் பகுதிகளோடு அதைச் சேர்த்துவிட்டார்கள். ஒரு தொகுதியின் கணக்கை முடித்துப் பார்ப்பதற்கு இது தக்க சமயம்.

தொழிலாளியின் ஓட்டைப் பற்றி எங்கும் இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. "அவன் ஓட்டு எங்கள் பெட்டியில்தான் விழும், வேறெங்கே போவான்?" என்பது ஒரு பேச்சு. "ஓட்டுப் போட்டு என்ன கண்டோம், எவன் வந்தாலும் ஒன்றுதான்" என்பது இன்னொரு பேச்சு. முதலாவது, மேடையில் இருப்பவனின் இறுமாப்பு. இரண்டாவது, கீழே இருப்பவனின் சலிப்பு. இரண்டும் தப்பு என்று ரோந்தா நூறு வருஷத்துக்கு மேலாகக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

தராசில் நிறுத்த ஓட்டு

1884-ம் வருஷத்துச் சட்டம் வரும்வரை பிரிட்டனின் சுரங்கக் கிராமங்களில் பெரும்பாலான தொழிலாளிகளுக்கு ஓட்டுரிமை இல்லை. அது கிடைத்த கையோடு, 1885 தேர்தலில், ரோந்தாத் தொழிலாளிகள் ஒரு காரியம் செய்தார்கள். சுரங்க முதலாளி குடும்பத்து மனிதர் ஒருவர் லிபரல் அபேட்சகராக நின்றார். அவரைத் தோற்கடித்து, தங்கள் சங்கத் தலைவர் வில்லியம் ஆபிரகாமை லண்டன் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். "மாபொன்" என்று ஜனங்கள் அவரைச் செல்லமாக அழைத்தார்கள். கூட்டத்தில் சச்சரவு மூண்டால் ஒரு பக்திப் பாட்டை எடுத்துவிட்டு எல்லோரையும் தம்மோடு பாட வைத்துவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

மாபொன் நல்ல மனிதர்தான். ஆனால் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நலன் ஒன்றே என்று நம்பியவர். கரி விலை ஏறினால் கூலி ஏறும், விலை இறங்கினால் கூலியும் இறங்கும் என்கிற ஏற்ற இறக்கக் கூலி முறையைக் காப்பாற்றி வந்தவர். விலையைத் தீர்மானிக்கிறவன் முதலாளி. அதன் விளைவை வயிற்றில் தாங்குகிறவன் தொழிலாளி! 1898-ல் ஆறு மாத காலம் கதவடைப்பு நடந்தது. தொழிலாளிகள் தோற்றார்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை விடுமுறையாக இருந்தது, அதற்கு "மாபொன் தினம்" என்றே பெயர். அதையும் முதலாளிகள் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தத் தோல்வியிலிருந்துதான் அதே வருஷத்தில் தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் பிறந்தது.

1910-ல் பெனிகிரெய்க் என்ற ஊரிலே, ஒரு புதிய கரிப்படுகைக்கு டன் ஒன்றுக்கு என்ன கூலி என்பதில் தகராறு கிளம்பிற்று. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தகராறு என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கல்லும் கரியும் கலந்த படுகை. எவ்வளவு மாய்ந்தாலும் டன் கணக்கு ஏறாது. கம்பெனி கொடுக்க முன்வந்த ரேட்டில் வயிறு கழுவ முடியாது. கம்பெனி கதவடைத்தது. அந்தக் கம்பெனிக் கூட்டின் சுரங்கங்கள் அனைத்திலும் சுமார் 12,000 பேர் வெளியே வந்தார்கள். நவம்பரில் டோனிபாண்டி வீதிகளில் போலீசின் தடியடி நடந்தது. ஒரு தொழிலாளி மண்டையில் பட்ட காயத்தால் இறந்தார். அப்போது உள்நாட்டு மந்திரியாக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். லண்டன் போலீசை அனுப்பினார். பிறகு பட்டாளமும் வந்து இறங்கியது. பல தலைமுறைக்குப் பின்னும் ரோந்தாவில் சர்ச்சில் பெயரை ஜனங்கள் மறக்கவில்லை.

பத்து மாதம் போராடி 1911-ல் அவர்கள் தோற்றார்கள். ஆனால் அடுத்த வருஷமே நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதே 1912-ல் டோனிபாண்டியிலிருந்து ஒரு சிறு பிரசுரம் வெளியாயிற்று. "சுரங்கத் தொழிலாளியின் அடுத்த அடி" என்பது அதன் பெயர். அதை எழுதியவர்கள் சாதாரணச் சுரங்கத் தொழிலாளிகள். தலைவர் கையிலே அதிகாரம் குவிந்தால் சங்கம் சோர்ந்துபோகும், அதிகாரம் சாதாரண அங்கத்தினர் கையில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்பத்தேழு வருஷம் கழித்து இதே விஷயம்தான் ரோந்தாவின் தேர்தலைப் புரட்டிப்போட்டது.

முதல் உலக யுத்தத்துக்குப் பின் தொகுதி கிழக்கு, மேற்கு என்று இரண்டாயிற்று. இரண்டும் தொழிற்கட்சியின் கோட்டையாயின. மேற்கு ரோந்தாவுக்கு 1920 முதல் முப்பது வருஷம் மெம்பராக இருந்த வில் ஜான், டோனிபாண்டிப் போராட்டத்துக்காகச் சிறை சென்றவர். அத்தகைய மனிதர்களுக்கு ஜனங்கள் ஓட்டை அள்ளிக் கொடுத்தார்கள். தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் தொழிற்கட்சி ஓட்டை எண்ணுவதில்லை, தராசில் வைத்து நிறுப்பார்கள் என்று ஒரு பேச்சே வழக்கிலிருந்தது.

972 ஓட்டு

ஆனால் அந்த நாளிலேயே ரோந்தாவின் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு விழவில்லை.

சின்ன ரோந்தாவின் தலைமாட்டில் மார்டி என்றொரு ஊர். 1926-ல் ஏழு மாதக் கதவடைப்புக்குப் பிறகு அங்கே பட்டினி தாண்டவமாடிற்று. கடன்காரன் பொருட்டு அமீனா வந்து வீட்டுச் சாமான்களைத் தூக்கப் பார்ப்பான். ஊரே திரண்டு வந்து வழிமறிக்கும். பத்திரிகைகள் அந்த ஊருக்குக் "குட்டி மாஸ்கோ" என்று பெயர் சூட்டின. இழிவாகச் சொன்ன பெயரை ஊர் ஜனங்கள் பட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். 1929 தேர்தலில் மார்டி சங்கக் கிளை கம்யூனிஸ்ட் அபேட்சகர் ஆர்தர் ஹார்னரை ஆதரித்தது. அதற்குத் தண்டனையாக 1930-ல் அந்தக் கிளையையே சம்மேளனம் வெளியேற்றியது. ஓர் அமீனாவைத் தடுத்த வழக்கில் 1932-ல் ஹார்னருக்குப் பதினைந்து மாதச் சிறைத் தண்டனை விழுந்தது.

1933-ல் கிழக்கு ரோந்தாவில் உபதேர்தல் வந்தது. தொழிற்கட்சி நிறுத்திய மெயின்வாரிங் யார் தெரியுமா? 1912-ம் வருஷத்துப் பிரசுரத்தை எழுதியவர்களில் ஒருவர்! எதிரே நின்றவர் சிறை மீண்ட ஹார்னர். மெயின்வாரிங்குக்கு 14,127, ஹார்னருக்கு 11,228. சங்கத்திலிருந்து ஒதுக்கப்பட்டவருக்கு, சிறைக்கு அனுப்பப்பட்டவருக்கு, பதினோராயிரம் குடும்பத்துத் தொழிலாளிகள் ஓட்டுப் போட்டார்கள். மூன்று வருஷம் கழித்து, 1936-ல், அதே ஹார்னரைத் தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிகள் தங்கள் சம்மேளனத்தின் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1946-ல் அவர் நாடு முழுவதற்குமான சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் பொதுக் காரியதரிசியானார்.

இடையில் 1935 பிப்ரவரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வேலையில்லாதவர்களுக்குக் கொடுத்த உதவிப் பணத்தை லண்டன் சர்க்கார் வெட்டியது. தொழிற்கட்சிக்காரர், கம்யூனிஸ்டு, மாதாகோவில் பிரசங்கியார், கடைக்காரர், கைக்குழந்தையோடு பெண்கள் - எல்லோரும் ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள். தெற்கு வேல்ஸ் முழுவதும் லட்சக்கணக்கில் ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள். சர்க்கார் வெட்டை நிறுத்திவைத்தது. தேர்தல் நடக்கும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

1945 பொதுத்தேர்தல். கிழக்கு ரோந்தாவில் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுக் காரியதரிசி ஹாரி பாலிட் நின்றார். மெயின்வாரிங்குக்கு 16,733 ஓட்டு, பாலிட்டுக்கு 15,761. வித்தியாசம் 972!

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? தொழிற்கட்சி சர்க்கார் 1947 ஜனவரி 1-ம் தேதி சுரங்கங்களைத் தேசவுடைமையாக்கிற்று. 1948-ல் எல்லோருக்கும் இலவச வைத்தியம் வந்தது. அதைக் கொண்டுவந்த மந்திரி அனூரின் பெவான், பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து போன சுரங்கத் தொழிலாளி. 1950 தேர்தலில் பாலிட்டின் ஓட்டு ஐயாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பனிப்போர்ப் பிரசாரமும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமல்ல. சொன்ன இரண்டு பெரிய காரியங்களைச் செய்து காட்டிய கட்சிக்கு ஜனங்கள் நன்றியோடு ஓட்டளித்தார்கள். ரோந்தாத் தொழிலாளி கொடியின் நிறத்தோடு, செய்த வேலையையும் எடைபோட்டார் என்றே நாம் இதைப் படிக்கிறோம்.

சங்கம் இருந்த இடம்

ரோந்தாவின் ஓட்டுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு சங்கக் கிளை. அங்கத்தினர் கூலியிலிருந்து வாரந்தோறும் சில காசுகள் பிடித்து, ஊருக்கு ஊர் தொழிலாளர் மன்றம் கட்டினார்கள். அதிலே வாசகசாலை, புத்தகசாலை, கூட்டம் போட ஹால். பகலெல்லாம் பூமிக்கடியில் கரி வெட்டியவன் இரவிலே அங்கே உட்கார்ந்து பத்திரிகை படித்தான், வாதாடினான், வகுப்பு நடத்தினான். ஸ்பெயினில் பாசிஸ்டுகளை எதிர்க்கத் துப்பாக்கி தூக்கிப் போனவர்கள் இந்த மன்றங்களில் அரசியல் கற்றவர்கள். தேர்தல் நாளன்று பெட்டியில் விழுந்த சீட்டுக்குப் பின்னே, வருஷத்தில் மற்ற நாட்களெல்லாம் நடந்த இந்த வேலை இருந்தது. ஜெயித்துப் போன மெம்பர் தப்பு செய்தால், சங்கக் கிளையின் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்க ஆள் இருந்தான்.

சுரங்கம் மூடப்பட மூடப்பட இந்த அஸ்திவாரம் இடிந்தது. டோரி சர்க்கார் மட்டும் மூடவில்லை. 1964-ல் பதவிக்கு வந்த தொழிற்கட்சி சர்க்காரும் மூடிற்று. 1965 மே மாதம் கிளைடாக் வேலில் கேம்பிரியன் சுரங்கத்தில் வெடிவிபத்து. 31 பேர் மாண்டார்கள். 1966 அக்டோபரில், பக்கத்திலுள்ள ஆபர்வானில் சுரங்கக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் மாண்டார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். சுரங்கங்கள் தேசவுடைமையான பின்னும் கழிவுமலையை ஊரின் தலைக்கு மேலேயே வைத்திருந்தார்கள்!

1967 மார்ச்சில் மேற்கு ரோந்தாவில் உபதேர்தல் வந்தது. வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி எதிர்த்து நின்றது. முந்திய வருஷம் பதினாறாயிரத்துக்கு மேலிருந்த தொழிற்கட்சியின் ஓட்டு வித்தியாசம் 2,306-க்கு இறங்கிற்று. எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. 1974-ல் கிழக்கும் மேற்கும் மறுபடி ஒரே தொகுதியாயின.

1984 மார்ச் முதல் ஒரு வருஷம் தாட்சர் சர்க்காரை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளிகள் நடத்திய வேலைநிறுத்தத்தை உலகமே அறியும். மார்டியில் கடைசி நாள் வரை ஒரு கருங்காலியும் இல்லை. 1985 மார்ச்சில் பாண்டு வாத்தியம் முழங்க, கொடி பிடித்து, ஊர் ஜனங்கள் கூட வர வேலைக்குத் திரும்பினார்கள். 1990 டிசம்பரில் அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது. ரோந்தாவின் கடைசிச் சுரங்கம் அதுதான். சுரங்கம் போனதும் சங்கக் கிளை போயிற்று. மன்றங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. ஓட்டு மட்டும் பழைய வழக்கப்படி விழுந்துகொண்டிருந்தது. 1997 மே பொதுத்தேர்தலில் நூற்றுக்கு எழுபத்துநாலுக்கு மேல் தொழிற்கட்சிக்கே கிடைத்தது. வேர் அறுந்த மரமும் சில காலம் பச்சையாகத்தான் நிற்கும்.

மூன்று திருப்பம்

1997 செப்டம்பரில் வேல்ஸ் ஜனங்கள் 6,721 ஓட்டு வித்தியாசத்தில் தங்களுக்கென்று ஒரு சட்டசபை வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 60 மெம்பர்கள், 40 பேர் தொகுதிக்கு ஒருவராக, 20 பேர் பிரதேசப் பட்டியலிலிருந்து. முதல் தேர்தல் 1999 மே 6-ம் தேதி.

வேல்ஸில் தொழிற்கட்சியின் தலைவர் யார் என்பதற்கு அதற்கு முன் ஒரு போட்டி நடந்தது. கட்சியின் சாதாரண அங்கத்தினர்களில் பெரும்பாலோர் ராட்ரி மார்கனை விரும்பினார்கள். லண்டனில் பிரதம மந்திரி பிளேர் விரும்பியது ஆலன் மைக்கேலை. சில பெரிய தொழிற்சங்கங்களின் தலைமைகள், அங்கத்தினரிடம் ஓட்டெடுக்காமலேயே, சங்கத்தின் மொத்த ஓட்டையும் மூட்டையாகக் கட்டி மைக்கேல் பக்கம் வைத்தார்கள். அவர் தலைவரானார். 1912-ம் வருஷத்துப் பிரசுரம் எதை எச்சரித்ததோ அதுவே நடந்தது.

ரோந்தா பதில் சொல்லிற்று. பிளைட் கம்ரி அபேட்சகர், உள்ளூரில் மருந்துக்கடை நடத்திய ஜெரெய்ன்ட் டேவிஸ், 2,285 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டு வருஷத்துக்கு முன் நூற்றுக்கு எழுபத்துநாலு! அதே நாளில் ஸ்தல கவுன்சிலும் தொழிற்கட்சியின் கையை விட்டுப் போயிற்று. பக்கத்திலுள்ள இஸ்லுவின் தொகுதியும் போயிற்று. முன்பு தொழிற்கட்சியின் தலைவராகவே இருந்த நீல் கின்னக்கின் தொகுதி அது.

தொழிற்கட்சிக்கு இது உறைத்தது. 2000-ல் மைக்கேல் விலக, மார்கன் வந்தார். லண்டன் தலைமை வைத்தியத்திலும் கல்வியிலும் தனியாரைப் புகுத்தியபோது, வேல்ஸில் வேறு வழியில் போவோம் என்று 2002-ல் பகிரங்கமாகப் பேசினார். அறுபது வயதானவர்களுக்கு இலவச பஸ் பிரயாணம் வந்தது; பிறகு 2007-ல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் ஒழிந்தது. 2003-ல் ரோந்தாவைத் தொழிற்கட்சியின் லெய்ட்டன் ஆண்ட்ரூஸ் மீட்டார். 2007-லும் 2011-லும் தக்கவைத்துக்கொண்டார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2003-ல் வேல்ஸ் முழுவதும் ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்கு 38 பேர்தான். மீதிப்பேர் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மீட்டது தொகுதியை; ஜனங்களின் நம்பிக்கையை முழுவதும் மீட்கவில்லை.

2007 மார்ச்சில் ட்ரியோர்க்கியிலிருந்த பர்பரி ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டது. சுமார் 300 பேர் வேலை இழந்தார்கள். நஷ்டத்தில் ஓடிய கம்பெனி அல்ல அது. வெளிநாட்டில் மலிவாகத் தைக்கலாம் என்பதே கணக்கு. சுரங்கம் போனதற்கு ஈடாக வந்த தொழிலும் இப்படிப் போயிற்று. 2010-க்குப் பின் லண்டன் டோரி சர்க்கார் செலவை வெட்ட வெட்ட, ஸ்தல கவுன்சில் புத்தகசாலைகளுக்குப் பூட்டுப் போட்டது. வெட்டுகிற கத்தி லண்டனில். கத்தி விழும்போது ஊரில் ஜனங்கள் பார்த்தது தொழிற்கட்சிக் கவுன்சிலரின் கையை.

2016 மே 5-ம் தேதி இரண்டாவது திருப்பம். பிளைட் கம்ரியின் தலைவி, ரோந்தாவிலேயே பிறந்து வளர்ந்த லியான் வுட், மந்திரியாக இருந்த ஆண்ட்ரூஸை 3,459 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அடுத்த மாதமே ஐரோப்பிய யூனியனிலிருந்து வெளியேறுவதா என்ற சர்வஜன ஓட்டெடுப்பு. அவரும் சரி, தொழிற்கட்சியும் சரி, வெளியேறக் கூடாது என்று பிரசாரம் செய்தார்கள். ரோந்தா அடங்கிய கவுன்சில் பகுதியில் நூற்றுக்கு 53-க்கு மேல் வெளியேறு என்றே ஓட்டுப் போட்டார்கள். "எங்களை யாரும் கேட்கவில்லை" என்ற ஆத்திரம் கிடைத்த கதவையெல்லாம் தட்டியது.

2021-ல் மூன்றாவது திருப்பம். தொழிற்கட்சி நிறுத்திய பபி வில்லியம்ஸ், பென்டர் ஊரில் சமூக மன்றப் பணியில் ஈடுபட்டு வந்தவர். 2020 பிப்ரவரிப் புயலில் அந்த ஊர் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அடுத்த மாதம் கொரோனா. கஷ்ட காலத்தில் தெருவில் நின்ற ஒருவரை நிறுத்திய கட்சிக்குத் தொகுதி திரும்பிற்று. லியான் வுட் தோற்றார்.

காலியிடம் காலியாக இராது

இதைப் பார்த்து, "தொழிலாளி ஊசலாடுகிறான்" என்று படித்தவர்கள் சிலர் எழுதுகிறார்கள். நாம் அதை ஒப்பவில்லை. 1999-ல் தண்டித்தார்கள், திருந்தியதும் 2003-ல் சேர்த்துக்கொண்டார்கள், மறுபடி அலட்சியம் கண்டதும் 2016-ல் தண்டித்தார்கள், ஊரில் உழைத்த ஆள் வந்ததும் 2021-ல் மீண்டும் பார்த்தார்கள். இதில் ஊசலாட்டம் எங்கே இருக்கிறது? குத்தகைக்காரன் நிலத்தைப் பாழ்போட்டால் மாற்றுகிறோம் அல்லவா? அதையே அவர்கள் செய்தார்கள்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஹார்னர் காலத்தில் ஆத்திரம் கொண்ட தொழிலாளிக்குப் போக ஒரு சங்கக் கிளை இருந்தது, பேச ஒரு மன்றம் இருந்தது, நடக்க ஓர் ஊர்வலம் இருந்தது. இன்று அந்த இடம் வெற்றிடம். வெற்றிடத்தில் யாராவது குடியேறத்தான் செய்வார்கள். "உன் வேலை போனதற்குக் காரணம் அகதி, உன் ஆஸ்பத்திரியில் இடமில்லாததற்குக் காரணம் அயல்நாட்டான்" என்று சொல்கிறவர்கள் குடியேறப் பார்க்கிறார்கள். ஆபர்வானில் கழிவுமலையை வைத்தவன் அகதியா? மார்டிச் சுரங்கத்தை மூடியவன் அகதியா? ட்ரியோர்க்கியில் தையல் மிஷின்களை நிறுத்தியவன் அகதியா? இந்தக் கேள்வியைத் தெருத் தெருவாகக் கேட்க ஆள் வேண்டும்.

2025 அக்டோபரில், சற்றுத் தள்ளியுள்ள கேர்ஃபிலியில் வேல்ஸ் சட்டசபைக்கு உபதேர்தல் நடந்தது. நூறு வருஷத்துக்கு மேல் தொழிற்கட்சியின் ஊர். அங்கே தொழிற்கட்சிக்கு நூற்றுக்குப் பதினொன்றே கிடைத்தது! வந்தேறிகளை எதிர்ப்பதையே மூலதனமாகக் கொண்ட ரிஃபார்ம் கட்சி நூற்றுக்கு 36 வாங்கி இரண்டாவதாக வந்தது. பிளைட் கம்ரி 47 வாங்கி ஜெயித்தது. பாதிப்பேர் வாக்களிக்க வந்தார்கள். அந்தச் சட்டசபைத் தேர்தல்களில் அது பெரிய எண்ணிக்கை. துவேஷக்காரர்களைத் தடுக்க வேண்டும் என்றே பலர் வந்தார்கள். நல்லதுதான். ஆனால் நூற்றுக்கு 36 என்பதை யாரும் லேசாக நினைத்துவிடக் கூடாது.

இனி புதிய ஏற்பாடு. 2024-ம் வருஷத்துச் சட்டம் சட்டசபையை 96 மெம்பர்களாக்கிற்று. 16 பெரிய தொகுதிகள், ஒவ்வொன்றிலும் ஆறு பேர். ரோந்தா, ஆவான் ஓக்வர் ரோந்தா என்ற தொகுதிக்குள் அடங்கிவிட்டது. ஒவ்வொரு கட்சிக்கும் விழுந்த ஓட்டின் விகிதப்படி ஸ்தானங்கள் என்பது நியாயமான முறை. பாதி ஓட்டு வாங்கியவர் முழுத் தொகுதியையும் எடுத்துக்கொண்டு போகிற பழைய முறையைவிட மேல். ஆனால் ஒரு குறை உண்டு. ஓட்டர் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட முடியும். பட்டியலில் யார் முதல், யார் கடைசி என்பதைக் கட்சி தீர்மானிக்கும். மெம்பரைப் பிடித்துக் கேள்வி கேட்கும் உரிமை கட்சி ஆபீசின் கதவுக்கு அந்தப்பக்கம் போய்விடாமல் பார்த்துக்கொள்வது ஜனங்களின் பொறுப்பு.

அந்தப் புதிய தொகுதியில் போர்ட் டால்பட் என்ற எஃகு நகரமும் இருக்கிறது. அங்குள்ள ஆலையின் முதலாளி நமக்குத் தெரிந்தவர்தான் - டாட்டா கம்பெனி. 2024 செப்டம்பர் 30-ம் தேதி அங்கே கடைசி ஊது உலையை அணைத்தார்கள். பிரிட்டன் முழுவதும் 2,800 வேலைகள் வரை போகும் என்று கம்பெனி அறிவித்திருந்தது. அதன் இடத்தில் மின்சார உலை வைக்க சர்க்கார் 50 கோடி பவுன் கொடுக்கச் சம்மதித்தது. சர்க்கார் பணம் கம்பெனிக்கு, வீட்டுக்குப் போகும் சீட்டு தொழிலாளிக்கு! ஜாம்ஷெட்பூர் தொழிலாளிக்கும் போர்ட் டால்பட் தொழிலாளிக்கும் முதலாளி ஒருவரே என்றால், அவர்கள் ஒருவருக்கொருவர் அயலாராக இருப்பது எப்படி?

ரோந்தாவின் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் கிடைப்பது இதுதான். ஓட்டு எவருக்கும் பட்டா எழுதிக் கொடுத்த நிலமல்ல. சிவப்புக் கொடி பிடித்தவருக்கும் அல்ல. ஓட்டு வீண் என்பதும் பொய். அந்த ஓட்டினால்தான் சுரங்கம் தேசவுடைமையானது, வைத்தியம் இலவசமாயிற்று. ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள் போடும் சீட்டுக்கு மற்ற நாட்களில் வேலை செய்யும் சங்கம் பின்னே இருக்க வேண்டும். ரோந்தாவின் 972-ஐயும், 2,306-ஐயும், 2,285-ஐயும், 3,459-ஐயும் வாசகர்கள் தங்கள் சங்கக் கூட்டத்திலே எடுத்துச் சொல்லுங்கள். மில் கேட்டிலும் களத்துமேட்டிலும் நம் கிளை உயிரோடு இருக்கிறதா, கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, தலைவரை எழுந்து கேட்கிற தைரியம் கடைசி வரிசையில் இருப்பவருக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தேர்தல் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.